மொச்சைக்காட்டில் இறங்கிய ட்ரோன்

முத்துமீனா வாயைத் திறந்தாலே அழகுபாண்டிக்கு வயிறு எரியும். சட்டக்கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்தே அப்படித்தான். அவன் மூச்சு முட்டச் சட்டப்பிரிவுகளை ஒப்பிப்பான். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்பாள். கனகா மேடம் அவள் பக்கம் திரும்பிவிடுவார். அட, அப்படி என்னதான் கேட்டுவிட்டாள்!

‘புதிய தொழில்நுட்பமும் சட்டமும்’ வகுப்பில் மேடம் ஒரு வழக்கைக் கொடுத்தார். மலையாண்டி என்ற விவசாயி தன் மக்காச்சோளத்துக்குக் களைக்கொல்லி அடிக்க ட்ரோன்காரர்களுக்குச் சொன்னார். அவர் பேரிலுள்ள பட்டாவின் சர்வே எண்ணைப் பார்த்து, ட்ரோன் கொஞ்சமும் பிசகாமல் பறந்து அடித்தது. கருகியதோ தம்பியின் மொச்சை.

“தீர்ப்பெல்லாம் சொல்லாதீங்க. முதல்ல என்ன கேப்பீங்கன்னு நாளைக்குச் சொல்லுங்க. நல்லாக் கேக்குற ஒருத்தரை என் சீனியர் வக்கீல் ஆபீஸுக்குப் பயிற்சிக்கு அனுப்புறேன்.”

அந்த ஒரு இடத்துக்குத்தான் அழகுபாண்டி ஏங்கிக் கிடந்தான்.

கேண்டீனில் முத்துமீனா எதிரே வந்து உட்கார்ந்தாள். “பாண்டி, நான் தல்லாகுளத்துக்காரி, எனக்குக் காடுகரை தெரியாது. உங்க உசிலம்பட்டிப் பக்கம் அண்ணன் தம்பி காட்டை மாத்திக்கிட்டா பட்டாவையும் மாத்துவாங்களா, வாய்ப்பேச்சோட விட்ருவாங்களா?”

அவனுக்குப் பகீரென்றது. அவன் அப்பாவும் சித்தப்பாவும் வாய்ப்பேச்சில் காட்டை மாற்றிக்கொண்டுதான் உழுகிறார்கள். பட்டா பழைய பேரிலேயே கிடக்கிறது. தனக்குத் தோன்றியிருக்க வேண்டிய கேள்வி இவளுக்கு எப்படித் தோன்றியது? பாவி மகள்!

“மாத்தாம? மறுவாரமே தாலுகா ஆபீஸுல போய் நிப்பாங்க” என்றான்.

அந்தக் கேள்வியை இனித் தானும் கேட்க முடியாது என்பது பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது.

மறுநாள் ட்ரோன் கம்பெனியின் பொறுப்பு, மென்பொருள் பிழை என்று ஏஐ எழுதித் தந்ததையெல்லாம் கொட்டினான். மேடம் “ம்” என்றார். அடுத்து முத்துமீனா எழுந்தாள்.

“அண்ணன் தம்பி வாய்ப்பேச்சுல காட்டை மாத்திக்கிட்டாங்களான்னு கேக்க நெனச்சேன் மேடம். அந்தப் பக்கம் உடனே பட்டாவை மாத்திருவாங்கன்னு பாண்டி சொன்னான். அதான் விட்டுட்டேன்.”

“அடியே, அதுதான் கேள்வியே! பயிற்சிக்கு நீதான் போற” என்ற மேடம் அவனைப் பார்த்தார். “ஏம்ப்பா, நீ உசிலம்பட்டிக்காரன். உனக்குமா தெரியாது?”

தெரியும் என்றால் பொய்யன். தெரியாது என்றால் மடையன்.

“தெரியாது மேடம்.”

வகுப்பே சிரித்தது.

“எதுக்கு இம்புட்டுச் சிரிப்பு?” முத்துமீனாதான் அதட்டினாள். “பாவம், அவன் தனக்குத் தெரிஞ்சதைத்தான சொன்னான்.”

அந்த நல்ல மனசும் அவளுக்கே வாய்த்திருக்கிறதே என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.