அத்தைக்கு இங்கிலீஷ் வரவில்லை

மாமியாருக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்துக் கரையேறிய மருமகள் எவளாவது இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவள் காலில் விழுந்து நாலு யோசனை கேட்க நம் டீச்சரம்மா தயாராக இருந்தாள். டீச்சரம்மா என்றதும் பள்ளிக்கூடம், கரும்பலகை என்று நினைத்துவிட வேண்டாம். அவள் சலவைக் கடை கவுன்ட்டரில் நின்று துணி வாங்கி ரசீது போடுகிறவள். டீச்சரம்மா என்பது மாமியார் வைத்த பட்டப்பெயர். பெயர் வைத்ததோடு விட்டாளா? பாடம் ஆரம்பித்ததும் கையைக் கட்டிக்கொண்டு, "சொல்லுங்க டீச்சரம்மா" என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி உட்கார்ந்துவிடுவாள். பார்த்தால் சிரிப்பு வரும். கொஞ்ச நேரத்தில் எரிச்சலும் வரும்.

இந்தக் கூத்தெல்லாம் எதற்கு என்றால், டிக்கெட்டுக்கு. அவர்கள் குடியேறியிருந்தது இங்கிலீஷ் தவிர எதுவும் செல்லாத ஓர் அயல்நாட்டு ஊர். கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை, புருஷன் அங்கிருந்தும் வேறு நாட்டுக்கு வேலைக்குக் கிளம்பிவிட்டான். கிளம்பும்போது பெண்டாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்து நயமாகப் பேசினான்.

"அம்மாவைத் தனியா விட்டுட்டு நீ எப்படி வருவே, சொல்லு? ஆஸ்பத்திரிக்குப் போனா எங்க வலிக்குதுன்னு சொல்லத் தெரியாது. வீட்டு ஓனர் வந்து நின்னா என்ன கேக்கறான்னு புரியாது. அங்க கூட்டிட்டுப் போகலாம்னா அந்தக் குளிர் அவங்களுக்கு ஆகாது. நீ கொஞ்சம் பேசக் கத்துக் குடு. அவங்க தனியா சமாளிச்சுக்குவாங்கன்னு தெரிஞ்ச மறுநாளே உனக்கு டிக்கெட்."

அவள் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். வருஷம் மூன்று ஓடிவிட்டது. டிக்கெட்டும் வரவில்லை, மாமியாருக்கு இங்கிலீஷும் வரவில்லை.

அவர்கள் இருந்தது ஐந்தாவது மாடியில், இரண்டே அறை. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். கையை நீட்டினால் தொட்டுவிடலாம். வெயிலா மழையா என்று தெரிய வேண்டுமானால் கீழே இறங்கித்தான் பார்க்க வேண்டும். முன்னறையில் பாதியை மாமியாரின் தையல் மெஷின் அடைத்துக்கொண்டிருந்தது. சலவைக்கு வரும் துணிகளில் ஜிப் போனது, ஓரம் பிரிந்தது, கால் நீளம் குறைக்க வேண்டியது என்று எதையாவது மருமகள் பை நிறையக் கொண்டுவருவாள், மாமியார் தைத்துக் கொடுப்பாள். கடையிலோ நாள் முழுக்க நீராவி. தேய்ப்பு மெஷின் மூச்சு விடும்போதெல்லாம் அவளுக்கு மூச்சு முட்டும். அங்கிருந்து தப்பித்து வீட்டுக்கு வந்தால் இந்தச் சுவர். சில நாள் சாயங்காலம் மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவாள். மேலே போகவும் பிடிக்காது, கீழே போகவும் இடம் கிடையாது. அந்த டிக்கெட் மட்டும் இல்லையென்றால் பைத்தியமே பிடித்திருக்கும்.

இப்படிப்பட்ட நிலைமையில் பாடம் எப்படி நடந்தது என்கிறீர்கள்?

"ரன்னுன்னா ஓடறது. சரியா அத்தை?"

"சரி."

"சாயம் போற துணி இருக்கில்ல? அதையும் கலர் ரன் ஆகும்னுதான் சொல்லணும்."

"ஏன், சாயத்துக்குக் காலா முளைச்சிருக்கு?"

"அப்படித்தான் சொல்லணும் அத்தை. மெஷினும் ரன் ஆகும். முதலாளி கடையை ரன் பண்றாரு. பால் தீந்துபோச்சுன்னா ரன் அவுட்."

"அது கிரிக்கெட்டுல சொல்றதாச்சே."

"அதுவும்தான், இதுவும்தான். பஸ் லேட்டா வந்தா ரன்னிங் லேட்."

"லேட்டா வர்றது எப்படிம்மா ஓடி வந்ததாகும்? ஓடியிருந்தா நேரத்துக்கு வந்திருக்கணுமே?"

மாமியார் கேட்டதில் நியாயம் இருந்தது. அதுதான் கொடுமை. டீச்சரம்மா தலையில் கையை வைத்துக்கொண்டு 'ரன்'னை விட்டுவிட்டு 'ஃபைன்'னுக்குத் தாவினாள். சுகமாயிருக்கேன் என்றாலும் ஃபைன், தண்டம் கட்டு என்றாலும் ஃபைன், மெல்லிசுத் துணியும் ஃபைன். கேட்டதும் மாமியாருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"இருக்கறது ஒரே சட்டை போலிருக்கு. வீட்டுல இருக்கறவன் எல்லாம் மாத்தி மாத்திப் போட்டுக்கறான்."

"நம்ம தமிழ்ல மட்டும் என்னவாம்? மாடிப்படியும் படிதான், பாடம் படிக்கறதும் படிதான், அளக்கறதும் படிதான்."

"அது பொறக்கும்போதே கூட வந்தது, டீச்சரம்மா. இது எனக்கு மண்டையில ஏற மாட்டேங்குதே, என்ன பண்ண?"

திங்கட்கிழமை ஏறியது செவ்வாய்க்கிழமை இறங்கிவிடும். 'செக்' என்றால் கட்டம் போட்ட துணி என்று மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்வாள். பேங்கில் தருவது, பூட்டிவிட்டோமா என்று பார்ப்பது, டாக்டர் பார்ப்பது, எதுவும் ஒட்டாது. 'ஃபிட்' என்றால் ரவிக்கை சரியாக இருப்பது, அவ்வளவுதான். டாக்டர் அதே வார்த்தையைச் சொல்லி வலிப்பு உண்டா என்று கேட்கலாம் என்று விளக்கினால், "ராமா, ரவிக்கை சரியா இருந்தா வலிப்பு வருமா?" என்பாள். சில சமயம் பாடத்தின் நடுவில் மருமகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். என்னமோ சொல்ல வாயெடுக்கிற மாதிரி இருக்கும். அப்புறம் குனிந்து ஊசியில் நூல் கோக்கப் போய்விடுவாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் புருஷன் பேசுவான். அன்றோடு அவனுக்கு அந்த வார வேலை முடியும். எப்போதும் அம்மா நம்பருக்குத்தான் கூப்பிடுவான். அம்மாவிடம் இரண்டு வார்த்தை, பிறகு இவளிடம்.

"என்ன, அம்மாவுக்கு ஏதாவது முன்னேற்றம் உண்டா?"

"இன்னும் வரலீங்க. ஒரு வார்த்தைக்கு ஒரு அர்த்தம்னா பரவாயில்ல, பத்து இருந்தா குழம்பிடறாங்க."

"பரவாயில்ல, அவசரப்படாதே. வயசானவங்க. நிதானமாவே சொல்லிக் குடு."

ஒரு நாளாவது கோபித்துக்கொண்டானா? இல்லை. எத்தனை பொறுமை என் வீட்டுக்காரருக்கு என்று இவள் பூரித்துப்போவாள். பூரித்த சூட்டோடு மறுநாள் இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாகப் பாடம் நடத்துவாள்.

அந்த வெள்ளிக்கிழமை மாமியாருக்குக் கண் ஆஸ்பத்திரி. கண்ணில் பிரஷர் ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொட்டு மருந்து கொடுத்திருந்தார். மருமகள் பாதி நாள் பர்மிஷன் கேட்டு வைத்திருந்தாள். கிளம்புகிற நேரம் பார்த்துத் தேய்ப்பு மெஷின் படுத்துவிட்டது. முதலாளி முறைத்தார். அவள் மாமியாருக்கு ஃபோன் போட்டாள்.

"அத்தை, பஸ் ஏறிப் போய் அங்க பெஞ்சில உக்காந்துக்குங்க. நான் வர்ற வரைக்கும் யார் கிட்டயும் வாயைத் திறக்காதீங்க. எதையாவது தப்பாச் சொல்லி அவங்க வேற கண்ணுல மருந்தை விட்டுடப் போறாங்க."

"சரிம்மா. வாயே திறக்க மாட்டேன்."

மெஷின் சரியானதும் கடையிலிருந்து ஓடிவந்த மருமகள், பஸ்ஸை விட்டு இறங்கி ஆஸ்பத்திரிப் படிகளில் இரண்டிரண்டாக ஏறினாள். கண் பிரிவுக்குத் திரும்பும் இடத்தில் யாரோ ஒரு பெண்பிள்ளை கவுன்ட்டரில் வாதாடிக்கொண்டிருப்பது கேட்டது. கணீரென்ற இங்கிலீஷ். யார் இந்த அம்மா, என்ன போடு போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டே மூலையைத் திரும்பினாள். அங்கே நின்றது அவளுடைய மாமியார்.

தேதி இன்றில்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்று கவுன்ட்டர்ப் பெண் சொல்லியிருப்பாள் போல. மாமியார் கார்டை எடுத்து அவள் மூக்குக்கு நேரே வைத்தாள். தேதியை மாற்றியதே நீங்கள்தான், ஃபோன் செய்ததும் நீங்கள்தான் என்றாள். மருந்து நேற்றே தீர்ந்துவிட்டது, அது ஒரு ரன். பஸ் தாமதமாக வந்தும் நான் நேரத்துக்கு வந்து நிற்கிறேன், அது இன்னொரு ரன். காலையிலிருந்து கண்ணில் நீர் வழிகிறது, அதுவும் ரன். மூன்றையும் மூச்சு விடாமல், இடம் மாறாமல் போட்டாள். டாக்டரைப் பார்க்காமல் நகர மாட்டேன் என்று முடித்தாள். கவுன்ட்டர்ப் பெண் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டாள்.

மருமகளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். வந்துவிட்டது! அத்தைக்கு வந்துவிட்டது! டிக்கெட், பெட்டி, விமானம் என்று எல்லாம் ஒரு நொடியில் கண்முன்னே வந்துவிட்டது. மறு நொடியே கணக்கு உதைத்தது. இப்படிப் பேச ஒரு நாளில் வராதே. ஒரு மாதத்திலும் வராதே. அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். மாமியார் திரும்பிப் பார்த்தாள். முகம் செத்துப்போயிற்று.

டாக்டரைப் பார்த்து, பஸ் ஏறி, ஐந்து மாடியும் ஏறி வந்தார்கள். கதவைச் சாத்தியதும் மருமகள் கேட்டாள்.

"எத்தனை நாளா அத்தை?"

மாமியார் மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள். "ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும்."

"ஒரு வருஷமா!"

"எல்லாம் நீ சொல்லிக் குடுத்ததுதான்மா. உன்னை மாதிரி ஒரு டீச்சர் யாருக்குக் கெடைக்கும்?"

"பேச்சை மாத்தாதீங்க!" அந்த வீட்டில் அவள் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. "என் வயசு போகுது அத்தை. நாளைக்கு வந்துடும், அடுத்த மாசம் வந்துடும்னு இந்தச் சுவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். நீங்க என்னடான்னா சாயத்துக்குக் கால் இருக்கா, ரவிக்கைக்கு வலிப்பு வருமான்னு கேட்டு என்னைக் கேனச்சி ஆக்கிட்டு இருந்திருக்கீங்க. துணைக்கு ஆள் வேணும்னா இருடின்னு கேட்டிருக்கலாமே! இப்படிக் கட்டிப்போட்டு வைக்கணுமா?"

மாமியார் ஒரு துணியை எடுத்து மடியில் வைத்து நீவிக்கொண்டே இருந்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று அவள் படும் பாடு நன்றாகத் தெரிந்தது.

"எனக்குப் பேச வந்ததும் உன் புருஷன்கிட்ட சொல்லிட்டேன்மா. எனக்கு வந்துடுச்சுடா, அவளைக் கூட்டிக்கோ, சின்னப் பொண்ணு, வாடிப்போறான்னு சொன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"அவகிட்ட சொல்லாதேன்னான்."

"பொய்."

"பொய்யாவே இருந்துட்டுப் போகட்டும்."

"ஏன் அப்படிச் சொல்லணும் அவரு? ஏன்?"

"நான் கேக்கலை. அங்க வேற எவளாவது இருப்பாளோன்னு சந்தேகம் தட்டிச்சு. கேட்டா ஆமான்னு சொல்லிடுவானோன்னு பயம். அதான் மக்காவே இருந்துட்டேன். எனக்கு வரலைங்கற வரைக்கும் உனக்கு ஒரு காரணம் இருந்துச்சு. அந்தப் பழி என் மேலயே கிடக்கட்டும்னு நெனச்சேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "எல்லாம் உனக்காகன்னு சொன்னா என் நாக்கு அழுகிப்போயிடும். நீ போயிட்டா நான் யார்கூட சிரிச்சுப் பேசுவேன்? அந்த ஆசையும் இருந்துச்சு."

மருமகள் அந்தக் கடைசிப் பேச்சை லபக்கென்று பிடித்துக்கொண்டாள். மூழ்குகிறவளுக்கு எதுவோ ஒன்று கையில் கிடைத்தால் போதாதா?

"பாத்தீங்களா! அதுதான் நெசம். தனியா இருக்க பயம் உங்களுக்கு. அதுக்குப் பெத்த புள்ள மேலயே கதை கட்டுறீங்க. அவர் அப்படிப்பட்டவர் இல்ல. இத்தனை வருஷத்துல ஒரு சொல் கடிஞ்சு பேசினதில்ல என்னை."

"சரிம்மா. கதைதான். விடு."

அப்போதுதான் ஃபோன் அடித்தது. மெஷின் சத்தத்தில் காது கேட்காதென்று மாமியார் தன் ஃபோனை எப்போதும் முழுச் சத்தத்தில்தான் வைத்திருப்பாள். அது அடித்த அடியில் மேஜை அதிர்ந்தது. மாமியார் கையை நீட்டுவதற்குள் மருமகள் எடுத்துவிட்டாள். வேண்டாம், வேண்டாம் என்று மாமியார் தலையை ஆட்டினாள்.

"ஏங்க, நான்தான்."

"ஓ, நீயா! என்ன, பாடமெல்லாம் எப்படிப் போகுது? அம்மா அதே மாதிரிதானா?"

கொஞ்சுகிற அதே குரல். அவளுக்குத் தைரியம் வந்தது. சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"அத்தைக்கு எல்லாம் வந்துடுச்சுங்க! இன்னைக்கு ஆஸ்பத்திரியில ஒத்தை ஆளா நின்னு சண்டையே போட்டாங்க. என் கண்ணாலயே பாத்தேன். இனிமே அவங்க யார் தயவும் இல்லாம இருந்துக்குவாங்க. நான் எப்பங்க கிளம்பட்டும்?"

அந்தப் பக்கம் சத்தமில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப் போயிருப்பார் என்று நினைத்தாள். நினைக்க விரும்பினாள். என்னங்க, என்னங்க என்று இரண்டு தடவை கூப்பிட்டாள்.

"அம்மாகிட்ட ஃபோனைக் குடு" என்றான்.

அவள் நீட்டினாள். மாமியார் தயங்கித் தயங்கி வாங்கினாள். காதுக்குக் கொண்டுபோவதற்கு முன்பே அவன் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"ஏம்மா, உனக்கு அறிவிருக்கா? ஒண்ணும் தெரியாத மாதிரியே இருன்னு உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! இப்ப அவ பாட்டுக்குக் கிளம்பி இங்க வந்து நின்னா, நான் வீட்டுல இருக்கறவகிட்ட என்னன்னு சொல்லுவேன்?"

மருமகள் மெஷினின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். மாமியார் அவளையே பார்த்தாள். ஃபோன் அவள் உள்ளங்கையில் கத்திக்கொண்டே இருந்தது. அம்மா, லைன்ல இருக்கியா, என்ன பேச்சையே காணோம் என்றது.

"அவ இங்கதான்டா நிக்கிறா" என்றாள் மாமியார்.