தேவகனியின் ஐம்பத்திரண்டு

கீரிப்பாறைப் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் ஞானசிங்குக்குப் பால் அளக்கிற வேலை. வாளியில் வரும் ரப்பர் பாலில் கண்ணாடி மிதவையைப் போட்டு எண்ணைப் பார்ப்பார். எண் கூடினால் பால் கெட்டி. குறைந்தால் எவனோ தண்ணீர் கலந்திருக்கிறான். பல வருஷமாக இதையே பார்த்த மனிதருக்கு, எந்த எண்ணும் கூடக்கூட நல்லது என்பது வேதவாக்கு. அந்த அறிவோடுதான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றாம் வருஷ மழைக்காலத்தில் மனைவி தேவகனியை மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

தேவகனிக்கு விடாத இருமல். சோறு இறங்கவில்லை, கன்னம் ஒட்டிவிட்டது. இருமல் மலைமழை கொடுத்தது. மற்றதற்குக் காரணம் அவளுக்குத் தெரியும்: நாற்பத்திரண்டு வயதில் நாலு மாதம். கட்டிக்கொடுத்த ஒரே மகள் ராஜபாய்க்கு இப்போது ஏழாம் மாதம். மகளைப் பேறுகாலத்துக்கு அழைத்துவரப் போகிற தாய், தானும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு போய் நின்றால் சம்பந்தி வீட்டில் என்ன பேசுவார்கள்? வேதக்கோயிலில் பெண்கள் பாட்டுப் புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டு சிரிக்க மாட்டார்களா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற காரியம் என்று தெரிந்தும் கணவரிடம்கூட அவள் மூச்சு விடவில்லை. மாதவிலக்கைப் பற்றி நர்ஸ் இசபெல் கேட்டபோதும், வயதாகிவிட்டது, நின்றுபோயிற்று என்று சொல்லிவிட்டாள்.

ரத்தத்தை எடுத்து ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஏற்றி நிமிர்த்தி வைத்தார்கள். ஒரு மணி நேரத்தில் அதிலுள்ள சிவப்பு எவ்வளவு கீழே இறங்குகிறது என்று பார்க்கிற பரிசோதனை அது. ஞானசிங் அந்தக் குழாயை விட்டு நகரவில்லை. ஐம்பத்திரண்டு என்று இசபெல் சொன்னதும், மற்றவர்களுக்கு எவ்வளவு இருக்கும் என்று விசாரித்தார். பத்து, பதினைந்து, மிஞ்சிப்போனால் இருபது என்றாள் அவள். மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை. வராந்தாவில் காத்திருந்தவர்களிடமெல்லாம் மனைவியின் எண்ணைச் சொன்னார். பாவம், பன்னிரண்டு வாங்கிய ஒருவருக்கு முருங்கைக்கீரை சாப்பிடும்படி புத்தியும் சொன்னார். தேவகனிக்கு அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைக்கலாம் போல இருந்தது.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். உடம்புக்குள் எங்கேயாவது அழற்சி இருந்தால் சிவப்பு சீக்கிரம் இறங்கிவிடும். ஆகவே இந்த எண் கூடுவது நல்லதில்லை. ஆனால் இது புகையைப் போல. அடுப்பு எரிகிறது என்று காட்டும், எந்த வீட்டு அடுப்பு என்று காட்டாது. சொத்தைப் பல்லாக இருக்கலாம், மூட்டாக இருக்கலாம், நெஞ்சாக இருக்கலாம். நோயே இல்லாமலும், பிள்ளை உண்டானவர்களைப் போலச் சிலருக்குக் கூடும். இருமலும் மெலிவும் இருப்பதால் அடுத்த வாரம் நெஞ்சைப் படம் பிடித்துப் பார்ப்போம், அதற்குள் பயப்பட வேண்டாம் என்றார்.

இத்தனையிலும் ஞானசிங் காதில் விழுந்தது நெஞ்சு ஒன்றுதான். அவருடைய அண்ணன் முத்துநாயகம் நெஞ்சில் காசநோய் வந்து போனவர். முதலில் அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்தார்கள். பிறகு தோட்டத்துக் கோடியில் தனியாக ஒரு ஓலைக் குடிசை போட்டார்கள். திரும்பும்போது பஸ்ஸில் ஞானசிங் தேவகனியின் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் தேவகனி பால் இல்லாத கட்டன்காப்பி போட்டாள். பாதி குடிப்பதற்குள் இருமல் வந்து டம்ளரைக் கீழே வைத்தாள். ஞானசிங் அதை எடுத்து மீதியைக் குடித்தார்.

"அது நான் குடிச்சதாக்கும்" என்றாள் அவள், பதறிப்போய்.

"தெரியும். அண்ணனத் தனியா இருத்தினோம். அவன் சீக்குல சாவல்ல, தனியா கெடந்து செத்தான். ஒனக்கு உள்ளது எனக்கும் வரட்டு."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழுகையை மறைக்கவும் தெரியாத மனிதர், தோள் குலுங்கியது. சம்பந்தி வீடும் கோயில் பெண்களும் எக்கேடு கெட்டுப் போகட்டும் என்று தோன்றிவிட்டது தேவகனிக்கு.

"இஞ்ச பாருங்க. நெஞ்சுல ஒண்ணும் இல்ல. எனக்கு நாலு மாசமாச்சு."

அவருக்கு விளங்கவில்லை. அவர் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தாள். ராஜபாய்க்குத் தம்பியோ தங்கையோ வரப்போகிறது என்றும், நர்ஸிடம் பொய் சொன்னதை நாளைக்கே போய் டாக்டரிடம் சொல்லிவிடுவோம் என்றும் சொன்னாள். சிரிப்பாரோ, கூச்சப்படுவாரோ, இத்தனை நாள் மறைத்ததற்குச் சண்டை பிடிப்பாரோ என்று தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தாள்.

ஞானசிங் கையை எடுக்கவில்லை. பிள்ளையைப் பற்றி ஒன்றும் கேட்கவும் இல்லை.

"அப்போ நீ சாவ மாட்டியா?" என்றார்.