மூன்று தடவை கூப்பிட வேண்டும்

சைதாப்பேட்டை கோர்ட்டில் நான் டவாலி. ஜட்ஜ் வழக்கை எடுத்ததும் வாசலில் நின்று, ஆளின் பெயரை மூன்று தடவை கூப்பிட வேண்டும். அப்போதும் ஆள் வராவிட்டால் வாரண்ட். பதினேழு வருடம் கத்தியதில் என் குரல்நாணில் கட்டி வந்து, வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. குரல் திரும்பாவிட்டால் ரெக்கார்டு ரூமுக்கு மாற்றிவிடுவதாகச் சொல்லிவிட்டார்கள். அங்கே போய்க் கரையான்களையா பெயர் சொல்லிக் கூப்பிடுவது?

அடையாறில் டாக்டர் மாளவிகா கட்டியை எடுத்தார். "காயத்து மேலயே மருந்து தடவியிருக்கேன் தேவானை. தழும்பு இறுகாம ஆறும்னு நம்பறேன், ஆனா உறுதி சொல்ல முடியாது. ஒரு வாரம் பேச்சே கூடாது. கிசுகிசுன்னுகூடப் பேசாதீங்க."

என் வீட்டுக்காரர் ஏகாம்பரத்தின் காதில் 'தடவி' என்ற ஒரு சொல்தான் ஏறியது. டாக்டர் எழுதிய சீட்டில் களிம்பைக் காணோமே என்று மருந்துக்கடையில் சண்டை போட்டுவிட்டு வந்து, வீட்டிலிருந்த தைலத்தை என் கழுத்தில் தேய்த்தார். வேண்டாம் என்று கையை ஆட்டினேன்.

"இன்னா, இன்னும் கொஞ்சமா?" என்று மறுபடியும் தேய்த்தார்.

மருந்தை உள்ளே தடவியாகிவிட்டது என்று நோட்டில் எழுதிக் காட்டினேன்.

"உள்ள தடவுனா இன்னா, வெளிய தடவுனா இன்னா? எல்லாம் ஒரே கழுத்துலதானே கீது!"

வாய் மட்டும் இருந்திருந்தால் அன்றைக்கு மனுஷனை ஒரு வழி பண்ணியிருப்பேன். கோபத்துக்கு அடியில் பயம்தான். தழும்பு இறுகிவிட்டால் எந்தத் தைலமும் காப்பாற்றாது.

எட்டாம் நாள் மெல்லிசாக ஓர் 'ஆ' வந்தது. பிறகு ஆறு வாரம் பயிற்சி. கடைசியில் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், "நல்லா ஆறியிருக்கு. தொண்டையால கத்தாதீங்க, வயித்துலேர்ந்து மூச்சை எடுங்க" என்று வேலைக்கு அனுப்பினார்.

திங்கட்கிழமை கோர்ட் வாசலில் நின்று முதல் பெயரைக் கூப்பிட்டேன்.

"ஷரஃபுதீன்!"

யாரும் திரும்பவில்லை.

"ஷரஃபுதீன்!"

பக்கத்திலிருந்த வக்கீல் குமாஸ்தா என்னைப் பாவமாகப் பார்த்தார். உள்ளே ஜட்ஜ் பேனாவைத் திறந்துவிட்டார். போச்சு, என்னால் ஒரு மனுஷனுக்கு வாரண்ட் என்று நினைத்தேன். வருவது வரட்டும் என்று அடிவயிற்றிலிருந்து மூச்சை எடுத்தேன்.

"ஷரஃபுதீன்!"

ரோட்டுக்கு அந்தப் பக்கத்து டீக்கடையிலிருந்து, கையில் பாதி வடையோடு ஒருவர் விழுந்தடித்து ஓடி வந்தார்.

"இன்னாம்மா இந்தக் கத்து கத்துற? காது கிழிஞ்சிபூடும் போல கீது!"

"உள்ள போங்க பாய், ஐயா காத்துக்கினு கீறாரு" என்றேன். அதுவும் பிசிறில்லாமல் வந்தது.

பதினேழு வருட உத்தியோகத்தில் என்னை யாரும் இப்படிப் பாராட்டியதில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த ஆளின் பெயர் என்ன என்று கேட்டேன்.