கலைந்ததும் கலைத்ததும்

பேச்சுக்கலைப் பேராசிரியருக்கு ஊரில் 'யார் சார்' என்று பட்டப்பெயர். மேயர் "தவறு நடந்துவிட்டது" என்று சொன்னால் போதும், மனுஷன் தொலைக்காட்சியில் உட்கார்ந்துகொண்டு, "தானா நடக்க அதுக்கென்ன காலா இருக்கு? நடத்தினது யார், சார்?" என்று பிடி பிடியென்று பிடித்துவிடுவார். கைதட்டல் அள்ளும்.

அன்றைக்கும் நேரலையில் மேயரைக் கிழித்துத் தொங்கவிட்டார். அந்தச் சூட்டில், பொறுப்பேற்பது என்றால் என்னவென்று காட்ட ஓர் உதாரணம் வேண்டியிருந்தது. பாவி மனுஷன், வீட்டுக்குள்ளேயே கைவிட்டு எடுத்தார்.

"எங்க குழந்தை வயித்துலயே போனப்போ, என் மனைவி 'கலைஞ்சுடுச்சு'ன்னு சொல்லல. 'நான்தான் கலைச்சிட்டேன்'னு சொன்னா. அதுதான் நேர்மை!"

அரங்கம் அதிர்ந்தது.

மாடிப்படியில் ஓடி இறங்கினதால்தான் போயிற்று என்று தன்னையே நொந்துகொண்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் காதில் மட்டும் அவள் சொல்லி அழுத வார்த்தை அது. அவருக்கு அதில் இலக்கணம் கேட்டது. ஊருக்கு வேறு என்னவோ கேட்டுவிட்டது.

வீடு திரும்பினால், கதவோரம் சக்கரப்பெட்டி. அவள் செருப்பைக்கூட மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உங்கம்மா போன் பண்ணாங்க. 'என் பேரப்பிள்ளைய ஏன்டி கலைச்சே'ன்னு கேட்டாங்க. என்ன சொல்லட்டும்?"

"இல்ல... பேச்சு வேகத்துல வாய்தவறி வந்துடுச்சு."

"வந்துடுச்சா?"

"அதாவது, ஒரு தப்பு நடந்துபோச்சு."

சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது. மேயர் குரல் மாதிரியே இருந்தது, கண்றாவி!

அவள் சிரிக்கவில்லை. போனை அவர் பக்கம் தள்ளினாள். "உங்கம்மாகிட்ட சொல்லுங்க. 'அவ கலைக்கல, நான்தான் கைதட்டலுக்காக அவ அழுகைய எடுத்து வித்தேன்'னு. இத மட்டும் சொல்லுங்க, பெட்டியை உள்ள வெச்சிடறேன்."

எண்ணை அழுத்தினார். கீழே வாடகைக் கார் ஹாரன் அடித்தது. அம்மா எடுத்துவிட்டாள்.

"அம்மா, அவ கலைக்கலம்மா..."

மனைவியின் கை பெட்டியின் கைப்பிடியை விட்டது. அவர் மூச்சை இழுத்துக்கொண்டார். இன்னும் பாதி வாக்கியம்தான்.

"...அது வந்து, ஜனங்க தப்பா புரிஞ்சுக்கிட்டாங்க."

சக்கரங்கள் உருளும் சத்தம் கேட்டது. அப்புறம் கதவு.

"என்னடா சத்தம்? அவ எங்க?"

"போயிட்டாம்மா."

"திடீர்னு ஏன்டா போனா? யார் என்ன சொன்னது?"

யார். கீழே கார் கிளம்பியது.

"அவளா போகலம்மா. நான்தான் அனுப்பிட்டேன்" என்றார். கேட்க வேண்டியவள் தெருமுனையைத் தாண்டியிருந்தாள்.