சுவரில் ஒரு பேப்பர் கப்

மல்லசமுத்திரம் போகும் ரோட்டில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஊராட்சியின் நீளமான சுவர் ஒன்று. போன மாதம் வரை அதில் கல்யாண போஸ்டரும் கண்ணீர் அஞ்சலியும் மாறி மாறி ஒட்டிக்கிடந்தன. இப்போது ஊர்ப் பெண்கள் அதில் வரிசையாக உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். தலைக்கு மேலே கொட்டை எழுத்தில் ‘நாமெல்லாம் ஒண்ணு’ என்றிருக்கிறது.

வரைந்தவள் மைதிலி. பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை. பெரிய பண்ணையம் செய்யும் சென்னிமலையின் மருமகள். வேலை முடிந்த மறுநாள் காலை படத்துக்கு ரிப்பன் வெட்டப்போவது அந்த மாமனார்தான். மருமகளைப் பற்றி நாலு வார்த்தை பேசுவதற்காக மனிதர் குளிக்கும்போதும் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

கோடு மைதிலியுடையது, வண்ணம் ஜோதியுடையது. ஜோதி காலனிக்காரி. லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் பெயிண்ட் அடிப்பவள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஒருத்தி ‘வா ஜோதி’ என்பாள், மற்றவள் ‘வாரனுங்க டீச்சர்’ என்பாள். இது யாருக்கும் உறுத்தியதில்லை. மைதிலிக்கு உறுத்தியதில்லை என்று சொன்னால் சரியாக இருக்கும்.

சுவருக்கு வெள்ளையடித்த அன்று மகளிர் குழுப் பெண்கள் வந்து கைகொடுத்தார்கள். மைதிலி வீட்டிலிருந்து தூக்குப்போசியில் டீ வந்தது. எல்லோரும் சுவர் நிழலில் உட்கார்ந்து பேசிச் சிரித்தபடி குடித்தபோது, வரைய வேண்டியது இதைத்தான் என்று அவளுக்குப் பட்டது. குழுவில் ஒருத்தியான கலைமணியிடம் கைப்பேசியைக் கொடுத்து ஒரு படம் எடுக்கச் சொன்னாள். அந்தப் படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துச் சுவரில் ஏற்றினாள். ஒரு சேலை மடிப்புகூடப் பிசகாமல் ஏற்றினாள்.

ஓரத்தில் ஒரு செடிக்கிளை தவிர மற்ற எல்லாம் முடிந்த அந்தச் சாயங்காலம், தூர நின்று பார்க்கலாம் என்று ரோட்டைத் தாண்டினாள். படம் கண்ணைப் பறித்தது. லாரி பம்பருக்குப் பளபளப்பு ஏற்றும் கைப்பழக்கத்தில் ஜோதி எவர்சில்வர் டம்ளர்களை மின்ன வைத்திருந்தாள். ராசம்மாள் கையில் டம்ளர். அமுதவல்லி கையில் டம்ளர். வரிசையின் கடைசியில் ஜோதி. அவள் கையில் பேப்பர் கப்.

மைதிலி வரிசையை மறுபடி முதலிலிருந்து பார்த்தாள்.

காலனியிலிருந்து யார் வந்தாலும் மைதிலி வீட்டில் பேப்பர் கப்தான். மாமியார் பாவாயி அதற்கென்றே ஒரு கட்டு வாங்கி அடுப்பு மேடைக்கு மேல் வைத்திருப்பாள். கேட்டால் “கழுவற வேல மிச்சம் சாமி” என்பாள். மற்றவர்கள் குடித்த டம்ளரைக் கழுவுவது மட்டும் அந்த வீட்டில் வேலையாகவே தெரிந்ததில்லை. கல்யாணமான புதிதில் மைதிலிக்கு அது முள்ளாகக் குத்தியது. பிறகு பழகிவிட்டது. பழகியது என்ன, இப்போது ஊற்றிக் கொடுப்பதே அவள்தான். ஆளைப் பார்த்ததும் கை தானாகக் கட்டுக்குப் போய்விடுகிறது. அதே கைதான் சமத்துவத்தையும் வரைந்திருக்கிறது. அவளுக்குத் தன்னை நினைத்தே அருவருப்பாக இருந்தது.

திரும்பி ஓடி வந்தாள்.

“ஜோதி, உங்கையில இருக்கற கப்பப் பாத்தியா?”

“அதுக்கு வெள்ள அடிச்சதே நாந்தானுங்களே.”

“அப்பவே சொல்லியிருக்கலாமல்லோ?”

ஜோதி பிரஷ்ஷைத் தின்னரில் அலசிக்கொண்டே சொன்னாள்: “உங்கூட்டுல வாங்கிக் குடிக்கறப்ப சொன்னனுங்களா? என்னைக்காச்சும் நீங்களே பாப்பீங்கன்னு இருந்தனுங்க.”

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தப்பித்திருக்கலாம்.

“டம்ளரா மாத்திப் போடலாம். இருட்டறதுக்குள்ள ஆயிரும்.” மைதிலி சாம்பல் நிற டப்பாவை எடுத்தாள்.

“மாத்துங்க. செவுத்துல மாத்தறது லேசுதானுங்க.” ஜோதி நிமிரவில்லை. “நாளைக்கு உங்க மாமனாரு பேசறத எம்பட புள்ள முன்னால நின்னு கேக்குமுங்க. அப்பறம் எங்கூட உங்கூட்டுக்கும் வரும். செவுத்துல டம்ளரு, ஊட்டுல கப்புன்னு இருந்தா அதுக்கு நான் என்னங்க சொல்றது?”

மைதிலி டப்பாவைக் கீழே வைத்தாள். கைப்பேசியை எடுத்து அந்தப் படத்தை மறுபடி பார்த்தாள். ஓரத்தில், ஜோதிக்குக் கப்பை நீட்டும் கை ஒன்று இருந்தது. பச்சைக் கண்ணாடி வளையல்கள். கட்டம் போடும்போது, இடைஞ்சலாக இருக்கிறது என்று அவளே வெட்டிவிட்ட கை. சுவரில் அந்த இடத்தை நிரப்ப ஒரு செம்பருத்திக் கிளை போதும் என்று விட்டுவைத்திருந்தாள்.

டம்ளராக மாற்றிவிட்டால் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. மாமனார் பேசுவார், ஊர் கைதட்டும். மாற்றாவிட்டால் நாளைக்கு இந்தச் சுவர் முன்னால் அவர் முகம் எப்படிப் போகும், பாவாயி வீட்டில் என்ன பேசுவாள் என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. உண்மையாகவே பயந்தாள்.

பயத்தோடுதான் சாக்பீஸை எடுத்தாள். கப்பில் கை வைக்கவில்லை. அதை நீட்டும் விரல்களை வரைந்தாள். மணிக்கட்டு, முழங்கை, தோள். கடைசியில் முகம். கன்னத்து மச்சத்தைக்கூட விடவில்லை. ஊரில் யார் பார்த்தாலும் இன்னார் என்று தெரியும்.

“டீச்சருங்க,” என்றாள் ஜோதி மெதுவாக, “உங்கூட்டுல சும்மா உட மாட்டாங்க.”

“தெரியும்.”

“ஊரே பேசுமுங்க.”

“பேசட்டும். நான் குடுத்ததுதானே.”

ஜோதி அந்த முகத்தைப் பார்த்தாள். அப்புறம் குனிந்து பச்சை டப்பாவின் மூடியை நெம்பித் திறந்தாள்.

“வளையலு எந்தப் பச்சைங்க? கரும்பச்சையா, கிளிப்பச்சையா?”

மைதிலி கையை நீட்டினாள். ஜோதி அந்த மணிக்கட்டைப் பிடித்து, மிச்சமிருந்த வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இத்தனை வருடப் பழக்கத்தில் அவள் மைதிலியைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அதையும் மைதிலி அப்போதுதான் கவனித்தாள்.