நீலப் பைகள்

கூடத்தில் நாற்காலி போட இடம் போதவில்லை. சுவரில் தொங்கிய நீலப் பைகளை அக்கா ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஒன்றில் அப்பாவின் ஸ்பேனர்கள், ஒன்றில் அம்மாவின் தையல் சாமான், இன்னொன்றில் வெங்காயம். எல்லாவற்றிலும் காலேஜ் முத்திரை. அவற்றைக் கொண்டுவந்து கொடுத்த தம்பி நடுக்கூடத்தில் வெள்ளைத் துணிக்கடியில் கிடந்தான்.

"ஏதுடா இத்தனை?" என்று அன்றைக்குக் கேட்டதற்கு, "உன் தம்பிக்கு காலேஜ்ல அவ்வளவு மவுசு" என்று கண்ணடித்தான்.

வருஷத் தொடக்கத்தில் காலேஜில் ரத்தப் பரிசோதனை வைத்தார்கள். எடுத்துக்கொள்கிறவனுக்கு ஐந்து மார்க், கூடவே ஒரு பை. தம்பியின் ரிப்போர்ட்டை அவள்தான் படித்துப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம் அவன் முகம் வீங்கி வந்தபோது, தூங்கித் தூங்கி வந்த வீக்கம் என்று கேலி செய்தாள். வாந்தி என்றபோது, "ரிப்போர்ட்ல ஒண்ணுமில்லன்னு இருக்கு, நடிக்காதே" என்று அதட்டினாள். நேற்று டாக்டர், "கிட்னி ரொம்ப நாளாவே கெட்டிருக்கு. ஒரு டெஸ்ட்கூடவா எடுக்கல?" என்று கேட்டார். அந்தக் கேள்வி அவளைத் தூங்கவிடவில்லை.

தம்பியின் அறைத்தோழர்கள் வந்தார்கள். நெட்டை என்று தம்பி கூப்பிடுகிறவன் மட்டும் பைகளைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"உள்ள வாப்பா" என்றாள் அக்கா.

"அதுல ஒண்ணு என்னோடதுக்கா."

அவனைச் சமையலறைக்கு அழைத்துப் போனாள்.

"எங்களுக்கு ஊசின்னா பயம். மார்க்கை விடவும் மனசில்ல. எங்க கார்டை வாங்கிட்டு அவனே போய்க் கையை நீட்டினான். மார்க் எங்களுக்கு, பை அவனுக்கு. கார்டுல போட்டோவை யாருக்கா பாத்தா? எத்தனை பேர் வந்தாங்கங்கறதுதான் கணக்கு."

"அப்புறம்?"

"உடனே வாங்கன்னு லேப்ல இருந்து எங்களுக்கு போன் வந்துச்சு. கிட்னி போச்சுன்னாங்க. எல்லாருக்கும் ஒரே நம்பர், புள்ளிக்கு அப்பறம் வர்றதுகூட மாறல. மறுபடி எடுத்தா ஒண்ணுமில்ல. மெஷின் கோளாறுன்னு சிரிச்சுக்கிட்டே வந்துட்டோம்."

"அவனோடது நல்லா இருந்துச்சே. நான் பாத்தேனே."

நெட்டை தரையைப் பார்த்தான். "கடைசியா அவன் பேரைக் கூப்பிட்டாங்க. தலை சுத்துதுன்னு உக்காந்துட்டான். எனக்காக ஒரு தடவை நீ போயேண்டான்னான். அவன் கார்டை எடுத்துக்கிட்டுப் போய், கண்ணை மூடிக்கிட்டு நான் கையை நீட்டினேன்."

கூடத்தில் காலேஜ் துறைத்தலைவர் அப்பாவிடம் தணிந்த குரலில் சொல்வது கேட்டது. "மார்க் வெச்சாதான் சார் வர்றாங்க. இந்த வருஷம் ஒருத்தர்கூட விடுபடல."

தம்பியின் ரத்தம் எங்கோ ஒரு குளிர்பெட்டியில், உயிரோடிருப்பவர்களின் பெயர் ஒட்டிய குப்பிகளில் இன்னும் இருக்கலாம். அவன் பெயர் ஒட்டிய குப்பியில் நோயே இல்லை. அவளுக்கு அழுகை வரவில்லை, பயமாக இருந்தது.

திரும்பினால் அம்மா நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ தெரியவில்லை. நேராக நெட்டையிடம் போனாள்.

"எந்தக் கை கண்ணு?"

அவன் இடது கையை நீட்டினான். அம்மா சட்டைக் கையை மெதுவாகச் சுருட்டி மேலே ஏற்றினாள். முழங்கை மடிப்பில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். விரலுக்கடியில் நரம்பு துடித்தது.

"எடுக்கற நேரமாச்சு" என்று கூடத்திலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அம்மா விரலை எடுக்கவில்லை. நெட்டை கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டியபடியே நின்றான்.