முதுகில் ஆயிரம் கண்

“மூச்சை இழுத்துப் பிடி. முதுகுல இடப்பக்கம் தொளதொளன்னு நிக்குது, ஒரு ஊக்கு போட்டுப் பாக்குறேன்” என்றாள் ராஜஸ்ரீ.

முத்துமீனா மூச்சைப் பிடித்துக்கொண்டு பீரோக் கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். பங்குனி மாதத்துச் சனிக்கிழமை மதியம். மின்விசிறி சூட்டைத்தான் சுழற்றிக்கொண்டிருந்தது. கணவன் சிவபாண்டி, மகள் தீப்தியைக் கூட்டிக்கொண்டு முடிவெட்டப் போயிருந்தான். மாடி வீட்டு ராஜஸ்ரீ பல்கலைக்கழக அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். பின்னிக்கொண்டிருந்த மேலாடை உடம்பில் எப்படி உட்காருகிறது என்று பார்க்க முத்துமீனாதான் அவளைக் கீழே கூப்பிட்டிருந்தாள்.

நாலு வாரத்து வேலை அது. அவள் சேர்ந்திருந்த பின்னல் வாட்ஸப் குழுவில், அவரவர் ஊர்ப் புராணத்திலிருந்து ஒரு கோடை உடுப்பு பின்ன வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மற்றவர்கள் தாமரை, மயில், பாம்பு என்று எடுத்துக்கொண்டார்கள். முத்துமீனாவுக்கு ஆயிரம் கண்ணுடையாள் நினைவு வந்தது. பஞ்சத்தில் வாடிய உயிர்களைப் பார்க்க இரண்டு கண் போதாமல் உடம்பெல்லாம் கண்ணாகி, அத்தனை கண்ணாலும் அழுது மழையாய்ப் பெய்தவள். முன்பக்கம் இடைவெளியில்லாத நெருக்கப் பின்னல். முதுகு முழுக்கக் கண்கள். ஊசியில் நூலை ஒரு சுற்று சும்மா சுற்றினால் ஓர் ஓட்டை, அடுத்த இரண்டு கண்ணிகளை ஒன்றாகச் சேர்த்துப் பின்னினால் அதன் இமை. கணக்கு டீச்சர் என்பதால், கட்டம் போட்ட தாளில் ஆயிரத்தெட்டுக் கண் வருமாறு குறித்துவைத்த பிறகுதான் மஞ்சள் நூலையே வாங்கினாள். பள்ளிக்கூடத்துக்குக் கழுத்தேறிய ஜாக்கெட் போட்டே பழகியவளுக்கு, முதுகில் காற்றுப் படுகிற உடுப்பு ஒன்று தனக்கென்று இருக்கப்போவது உள்ளூரக் குறுகுறுப்பாக இருந்தது.

“இப்ப சரியா நிக்குது. எங்க, திரும்பு” என்ற ராஜஸ்ரீ சட்டென்று அவள் தோளைப் பிடித்தாள். “ஏய், இரு. அசையாத.”

“என்னடி?”

“ஊக்கு தோலோட சேத்து மாட்டியிருக்கு. உள்ள போயி, வெளிய வந்து, பூட்டியும் இருக்கு. ரத்தம் வருது பாரு. ஆன்னு ஒரு சத்தம் குடுக்க மாட்டியா?”

முத்துமீனாவுக்கு எதுவும் தெரியவில்லை. ராஜஸ்ரீ ஊக்கைக் கழற்றினாள். நூல் இழுபட்டது தோளில் தெரிந்தது. முதுகில், தோள்பட்டை எலும்புக்குக் கீழே, அங்கே ஒன்றும் நடக்கவில்லை. யாரோ வேறொருத்தியின் முதுகில் ஊக்கைக் கழற்றுவது போலிருந்தது.

“சுருக்குன்னுச்சு” என்றாள். “நீ முடிக்கட்டும்னு இருந்தேன்.”

“இம்புட்டுப் பொறுமையா உனக்கு. அதுல கொஞ்சத்த ஒம்பதாங் கிளாஸ் பிள்ளைககிட்டக் காட்டு, ஒன்னப் பாத்து நடுங்குதுக.”

ராஜஸ்ரீ படியேறிப் போனதும் கதவைத் தாழிட்டாள். கைப்பேசியைத் தலைக்குப் பின்னால் பிடித்து ஏழெட்டுப் படம் எடுத்தாள். இடது பக்கம் உள்ளங்கையளவுக்கு வெளுத்த ஓர் இடம். நடுவில் இரண்டு சிவப்புப் புள்ளி. போன வருஷமே சிவபாண்டி, “தேமல் மாதிரி இருக்கு, ஏதாச்சும் தடவு” என்றான். அவளும் மருந்துக்கடையில் ஒரு களிம்பு வாங்கித் தடவிவிட்டு மறந்துபோனாள். இப்போது குளிர்பெட்டியிலிருந்து ஐஸ் கட்டியை எடுத்து, கையை முறுக்கி அங்கே வைத்தாள். இடுப்பில் தண்ணீர் வழிந்தபோது திடுக்கிட்டாள். அதுவரை ஐஸ் எங்கே இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

அந்த நோயின் பெயரை அவள் மனசுக்குள்கூடச் சொல்லவில்லை. பதிலாக ஆண்டிச்சாமியின் முகம் வந்தது. அழகர்கோவில் பக்கம் அவள் பிறந்த ஊரில், கண்மாய்க் கரையில், விரல்கள் மழுங்கிப்போய்த் தனியாகக் கிடந்த மனிதர். எட்டு வயதில் ஒருநாள் அவருக்குச் சோறு கொண்டுபோன முத்துமீனா, தட்டைத் தூரத்திலேயே வைத்துவிட்டு ஓடிவந்தாள். “தண்ணி கொண்டாந்தியா பாப்பா?” என்று அவர் கேட்டது ஓடும்போது காதில் விழுந்தது. திரும்பவில்லை. அவர் செத்தபிறகு போர்வையையும் பாயையும் கொளுத்தினார்கள்.

தீப்திக்கு ஐந்து வயது. பிறந்ததிலிருந்து அம்மாவின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டுதான் தூங்குவாள். அவள் மூச்சின் ஈரம் முதுகில் படிய, அப்படியே அசையாமல் படுத்திருப்பது முத்துமீனாவுக்கும் பழகியிருந்தது. அன்று ராத்திரி அந்த முகம் வந்து ஒட்டியதும் அவள் நெருப்புப் பட்டதுபோல் எழுந்து உட்கார்ந்தாள்.

“தள்ளிப் படு. வெக்கையா இருக்கு.”

“நேத்து மட்டும் வெக்க இல்லையா?”

“அப்பா பக்கத்துல போய்ப் படு.”

“எம்மேல நாத்தம் அடிக்குதாம்மா?” என்று தீப்தி தன் கையை மோந்து பார்த்தாள்.

அதற்குப் பிறகு முத்துமீனா தனக்கென்று ஒரு டம்ளர் வைத்துக்கொண்டாள், தனித் துண்டு, தனிச் சோப்பு. குழந்தையைக் குளிப்பாட்டித் தலைவாரும் வேலையைச் சிவபாண்டியிடம் தள்ளிவிட்டாள். ரத்தக்கறை பட்ட பின்னலை, மாட்டிய ஊக்குகளோடு பாலித்தீன் பையில் போட்டு இரண்டு முடிச்சுப் போட்டு, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் தள்ளினாள். கொளுத்த வேண்டும் என்று நினைத்தாள், கை வரவில்லை. குழுவில் ஒவ்வொருத்தியாகப் படம் போட்டார்கள். ‘மதுரை அம்மன் எப்போது வருவாள்?’ என்று ஒருத்தி கேட்டிருந்தாள்.

டாக்டரிடம் போகவில்லை. போனால் அது உண்மையாகிவிடும். போகாதவரைக்கும் தேமல்தான். வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பும்போதெல்லாம் நாற்பது பிள்ளைகளின் கண்ணும் சேலையைத் துளைத்து அந்த இடத்தில் நிற்பதாக இருந்தது. ஒருநாள் எழுதிக்கொண்டிருந்த கணக்கைப் பாதியில் விட்டுவிட்டுச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

மெல்ல மெல்ல இன்னொரு பயமும் சேர்ந்தது. தெய்வத்தின் கண்ணை எடுத்து உடுப்பில் போட்டு, போட்டோ பிடித்து நாலு பேர் பாராட்ட வேண்டும் என்று நினைத்தோமே, அதற்கான தண்டனைதானோ இது. அவளுக்குள்ளிருந்த கணக்கு டீச்சர் தேதியைக் காட்டினாள்: தேமல் வந்தது போன வருஷம், நூல் வாங்கியது இந்த மாசி. பயம் தேதியைப் பார்க்கவில்லை.

மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை, பள்ளி விட்டதும் வீட்டுக்கு வராமல் தெப்பக்குளத்துக்குப் பஸ் ஏறினாள். மாரியம்மன் கோயில் வாசலில் உப்பும் மிளகும் விற்ற அம்மாளிடம் தகட்டில் அடித்த உருக்களும் இருந்தன. எந்த உறுப்பில் நோவோ அந்த உறுப்பை வாங்கிப் போடுவதாக வேண்டிக்கொள்வது வழக்கம்.

“வா தாயி. கண்ணா, காலா?”

“முதுகு இருக்கா?”

“முதுகா?” அந்த அம்மாள் தட்டைக் கிளறினாள். “அது யாரும் கேட்டதில்லயே. இடுப்பு வலின்னு வாரவுகளுக்கே முழு ஆளத்தான் குடுக்குறேன்.”

“முதுக மட்டும் தனியா அடிச்சா எது முன்னாடி, எது பின்னாடின்னு ஆத்தாளுக்கே குழப்பமாயிரும்க்கா” என்றான் பக்கத்துப் பூக்கடைக்காரன்.

“நீ சும்மா கெட மலைச்சாமி. தாயி, பொம்பள உரு தரட்டா?”

முத்துமீனா தலையாட்டினாள். ஆனால் அவள் கை, பெண் உருவைத் தாண்டிப்போய் வேறொன்றை எடுத்தது. கட்டைவிரல் நீளத்தில், கவுன் போட்டு, கைகளை நேராகத் தொங்கவிட்டு நிற்கிற ஒரு பிள்ளை.

“அது பிள்ள உரு. பிள்ளைக்கு என்ன செய்யுது?”

பிள்ளைக்கு என்ன செய்கிறது? அவளுக்குத் தெரியாது. மூன்று வாரமாகத் தள்ளித் தள்ளிப் படுக்கவைத்தாள், டம்ளரை மாற்றினாள், துண்டை மாற்றினாள். ஒருநாளாவது அந்தக் கவுனைத் தூக்கி முதுகைப் பார்த்தாளா? பார்க்கப் பயந்துகொண்டு இங்கே வந்து தகட்டைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

“இன்னும் பாக்கலைங்க” என்று உருவைத் திரும்ப வைத்தாள்.

மறுநாள் சனிக்கிழமை காலை அரசு மருத்துவமனையின் தோல் பிரிவு வரிசையில் நின்றாள். டாக்டர் அவளைவிட இளையவள். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சுத் திரியால் தொடுகிற இடத்தையெல்லாம் விரலால் காட்டச் சொன்னாள். முத்துமீனா காட்டினாள். பிறகு வெகுநேரம் அறையில் சத்தமே இல்லை.

“ஆரம்பிங்க டாக்டர்.”

“நான் தொட்டுக்கிட்டுத்தாம்மா இருக்கேன்.”

முழங்கை, கழுத்து என்று நரம்புகளை அமுக்கிப் பார்த்துவிட்டு டாக்டர் அந்தப் பெயரைச் சொன்னாள். தொழுநோய். சளி பிடித்திருக்கிறது என்பது போன்ற குரலில் சொன்னாள். “ஒரே ஒரு தேமல்தான். நரம்பு வீங்கல. ஆறு மாசம் மாத்திரை, இங்கயே தருவோம். டம்ளரெல்லாம் பிரிச்சு வைக்க வேண்டாம்.”

“எம் பொண்ணு எம் முதுகுல மூஞ்சிய வச்சுத்தான் தூங்குவா. அஞ்சு வருசமா.”

“தொட்டதுனால வாரது இல்ல. உங்களுக்கு இருக்குற வகை லேசுல பரவாது. இருந்தாலும் வீட்டு ஆளுங்க எல்லாரையும் ஒரு தடவை பாத்துறணும். திங்கக்கிழமை ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங்க.”

லேசில் பரவாது. பரவவே பரவாது என்று டாக்டர் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போது அந்த இடைவெளியைத்தான் அவள் அளந்துகொண்டு வந்தாள்.

வீட்டில் சிவபாண்டி தொட்டிக்கு அடியில் குழாய் ஒழுகலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாலித்தீன் பை பக்கத்தில் அவிழ்ந்து கிடந்தது. பின்னல் அவன் மடியில்.

“தொடாதீங்க.”

“என்ன ரத்தம் இது?”

“தொடாதீங்கன்னேன், கீழ போடுங்க.”

நின்றபடியே சொல்லிமுடித்தாள். ஊக்கு, ஐஸ் கட்டி, தெப்பக்குளம், டாக்டர். தீப்தி மாடியில் ராஜஸ்ரீ வீட்டில் விளையாடுகிற சத்தம் கேட்டது. சிவபாண்டி பின்னலில் இருந்த கறையைத் தடவிப் பார்த்தான். அவன் எழுந்து வெளியே போய்விடுவான் என்று எதிர்பார்த்து அவள் வாசலைவிட்டு ஒதுங்கிக்கூட நின்றாள்.

“எம்புட்டு நாளா?”

“மூணு வாரம்.”

“மூணு வாரமா எங்கிட்டச் சொல்லாம மாரியாத்தாகிட்டப் போய்ச் சொல்லிருக்க. அவளா உன்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகப் போறா?” நெற்றியில் அடித்துக்கொண்டான். “நானும் கிறுக்கன். தேமல்னு சொல்லிட்டு விட்டுட்டேன். தனி டம்ளரப் பாத்துட்டு, ஏதோ எம்மேல கோவம்னு நெனச்சேன்.”

அவன் பின்னலைக் கீழே போடவில்லை. கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அவளுடைய டம்ளரில் போட்டான். அவன் விரல்களையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த விரல்களுக்கும் ஏதாவது ஆகிவிடுமோ என்று.

திங்கட்கிழமை முதலில் சிவபாண்டியைப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. பிறகு தீப்தியை மேசைமேல் உட்காரவைத்துக் கவுனைத் தூக்கினார்கள். முதுகு சுத்தமாக இருந்தது. முத்துமீனா மூச்சு விடுவதற்குள் டாக்டர் குழந்தையின் இடது கையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள். தோளுக்குக் கீழே ஐம்பது காசு அளவில் வெளுப்பாக ஓர் இடம்.

“இது எப்பருந்து?”

சிவபாண்டி முத்துமீனாவைப் பார்த்தான். அவளுக்குத் தெரியவில்லை. மூன்று வாரமாக அவள் குழந்தையைக் குளிப்பாட்டவில்லை.

“பாப்பா, கண்ணை மூடிக்க. எங்க தொடுறேன்னு காட்டு.”

தீப்தி முகத்தையே சுருக்கிக் கண்ணை மூடினாள். கால், கழுத்து, கன்னம். ஒவ்வொன்றையும் சிரித்துக்கொண்டே காட்டினாள். பஞ்சு அந்த வெளுப்பின்மேல் இறங்கியது. குழந்தை அசையவில்லை. மறுபடியும் இறங்கியது. தீப்தியின் விரல் மெதுவாக எழுந்து, தயங்கி, எதிர்ப்பக்கமாக வலது தோளைக் காட்டியது.

முத்துமீனா டாக்டரின் முகத்தைப் பார்த்தாள்.

“அம்மா,” என்றாள் டாக்டர், “நீங்க கைய எடுங்க.”

அப்போதுதான் பார்த்தாள். குழந்தையின் வலது தோளைத் தன் கை இறுகப் பிடித்திருந்தது. எப்போது பிடித்தாள் என்று தெரியவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

“அம்மா தொட்டதத்தான் சொன்னேன்” என்றாள் தீப்தி, கண்ணைத் திறக்காமல். “ரெண்டு பேரும் ஒரே நேரத்துல தொட்டா எப்படிச் சொல்றது?”

பஞ்சு மூன்றாம் முறை இறங்கியது. சின்ன விரல் நேராக வந்து அதன்மேல் நின்றது. டாக்டர் ஓரத்தில் தொட்டாள், விரல் ஓரத்துக்குப் போனது. நடுவில் தொட்டாள், நடுவுக்கு வந்தது.

“நல்லா உணர்ச்சி இருக்கு. சாதாரணத் தேமல்தான். ஒரே ஒரு வேளைக்கு மாத்திரை தாரேன், முன்னெச்சரிக்கைக்கு. வருசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டிட்டுப் போங்க.”

சிவபாண்டி சுவரில் சாய்ந்து வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தான். டாக்டர் பேனாவை எடுத்துவிட்டாள். முத்துமீனா மேசையை விட்டு நகரவில்லை.

“இன்னொரு தடவை பாருங்க டாக்டர்.”

“பாத்துட்டேம்மா.”

“நான் கைய எடுத்தது சரியாப் பதியலையோ என்னவோ. இன்னும் ஒரே ஒரு தடவை.”

டாக்டர் அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு பேனாவை வைத்துவிட்டுப் பஞ்சை எடுத்தாள். முத்துமீனா இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு ஓரடி தள்ளி நின்றாள்.

“இந்தத் தடவ கஷ்டமா வைங்க” என்று தீப்தி மறுபடியும் கண்ணை இறுக மூடினாள்.